வாசலில் கட்டாத வேப்பிலை

மோகனா எனக்குப் போன் செய்தபோது என் இடது விலாவில் அக்கி போட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. முதுகில் ஆரம்பித்து மார்புக்குக் கீழே வரைக்கும் ஒரு சாண் அகலத்துக்குச் சிவந்து, அதன்மேல் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். துணி பட்டாலே உயிர் போய் உயிர் வந்தது. பக்கத்து வீட்டுச் சீனத்தி அதைப் பார்த்துவிட்டு, பாம்பு இடுப்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் ஆள் காலி என்று கையால் காட்டினாள். பாம்பு எனக்குப் புதிதில்லை, எங்கள் குடும்பத்திலேயே ஒன்று இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. அவளுக்குத் தமிழ் தெரியாது, விட்டுவிட்டேன்.

அந்தப் பாம்புதான் போனில். இரண்டு வருஷமாக எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. என் கணவர் ஜெயராஜின் கூடப் பிறந்த தங்கை, ஃபெரியில் கடலைத் தாண்டினால் பாகான் டாலாமில் சொந்த வீடு, மாடி, வாசலில் இரண்டு கார். மார்பில் கட்டி வந்து அறுத்து எடுத்தார்கள், இப்போது கீமோ ஏற்றுகிறார்கள் என்பதெல்லாம் ஜெயராஜ் சொல்லி எனக்குத் தெரியும். அவர் சொல்லும்போது நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்குவதை நிறுத்தவில்லை.

என்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்றாள். ஆஸ்பத்திரி, ஊசி, மயக்கம், வாந்தி இதெல்லாம் பட்டவர்களோடு பேசினால்தான் மனசு ஆறும், மற்றவர்கள் ஆறுதல் சொன்னால் எரிச்சலாக வருகிறது என்று அழுதாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டாள்.

"கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க அண்ணி. காய்ச்சல், கொப்புளம், எதுவும் இல்லையே? கேட்டுட்டுத்தான் ஆள உள்ள விடணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

என் கை தானாக விலாவுக்குப் போனது. அன்று காலையில்தான் கிளினிக் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இதுவும் அம்மைக் கிருமிதான், அன்றைக்கு வந்தது போகாமல் நரம்பில் ஒளிந்துகொண்டிருந்து, உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லாததால் இப்போது அக்கியாக வெளியே வந்திருக்கிறது. துணி போட்டு மூடியே வையுங்கள், அம்மை போடாத ஆள், பிள்ளைத்தாய்ச்சி, கீமோ எடுக்கிறவர்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள், அவர்களுக்குப் போனால் தாங்காது என்றார்.

"ஒன்னும் இல்ல," என்றேன்.

இந்த இரண்டு சொல்லை நான் சொந்தமாகச் செய்யவில்லை. அவளிடமிருந்து வாங்கி வைத்திருந்தேன், அவளுக்கே திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தின கதையைச் சொல்கிறேன். எனக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், நான்கு வருஷம் டயாலிசிஸ் செய்து, கடைசியில் என் தம்பி யுகேந்திரன் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தான். கொடுப்பதற்காகவே குடியை விட்டான். மாலையானால் பியர் இல்லாமல் முகம் தொங்கிப்போகிறவன், ஒன்றரை வருஷம் சொட்டுக்கூடத் தொடாமல் டாக்டர் முன்னால் போய் நின்றான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும் அடுத்த தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தான். படி ஏறும்போது வயிற்றில் தையல் போட்ட இடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஏறினான். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதைவிடப் பெரிய சாமி எதுவும் இல்லை.

அடுத்தவர் உறுப்பை உடம்பு ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மாத்திரை போட்டு அடக்கி வைக்க வேண்டும். வீட்டுக் காவல் நாயைக் கட்டிப்போடுகிற வேலை அது, அப்புறம் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். முன்னமே எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்கு அம்மை போட்டதே இல்லை என்று தெரிந்தது. இனிமேல் தடுப்பூசியும் போட முடியாது என்றார்கள். அதனால் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் போன் செய்து கேட்பேன். வெட்கம் பார்க்க மாட்டேன். இதை மோகனாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள், தனக்கும் சின்ன வயதில் போடவே இல்லை, ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொன்னார்கள், நாம் இரண்டு பேரும் அம்மன் கண்ணில் படாதவர்கள் என்றாள்.

ஆபரேஷன் முடிந்து ஏழாம் மாதம் அவள் மகள் காமினிக்கு நிச்சயதார்த்தம். முதல் நாள் போன் செய்து கேட்டேன். யாருக்காவது காய்ச்சல், சொறி, கொப்புளம்? "யாருக்கும் ஒன்னும் இல்ல அண்ணி. நீங்க தாய்மாமன் பொண்டாட்டி, நீங்க வராம எப்படிலா தட்டு மாத்துறது?" என்றாள்.

போனேன். காலை முகூர்த்தம். வாசலில் மாவிலைத் தோரணம், வாழை மரம், மாப்பிள்ளை வீட்டார் இருபத்தொரு தட்டோடு வந்து இறங்கினார்கள். வேப்பிலை எங்கேயும் இல்லை. தட்டு மாற்றி முடிந்ததும் எனக்குக் களைப்பாக இருந்தது. அதைப் பார்த்த மோகனாவே, மாடியில் பெரிய ரூமில் ஏர்கான் இருக்கிறது, கொஞ்சம் படுத்து எழுந்திருங்கள் என்று என்னை மேலே அனுப்பினாள். படுத்தேன். தலையணையைச் சரிசெய்யக் கையை விட்டபோது அடியில் ஒரு கொத்து வேப்பிலை, பாதி வாடியது. பூச்சி வராமல் இருக்கப் போட்டிருப்பாள் என்று நினைத்து மேசைமேல் எடுத்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றும்.

பதினைந்தாம் நாள் காய்ச்சல். அதற்கடுத்த நாள் முகத்தில் இரண்டு கொப்புளம், சாயங்காலத்துக்குள் உடம்பில் ஊசி குத்த இடமில்லை. சாதாரண ஆளுக்கு வரும் அம்மை இல்லை அது. கொப்புளத்துக்குள் ரத்தம் கட்டிக் கறுத்தது, தொண்டைக்குள் வந்தது, நுரையீரலுக்குப் போனது. பதினொரு நாள் குழாய் போட்டு மூச்சு விட வைத்தார்கள். என்னைக் காப்பாற்ற எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையை நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்தியதும் உடம்பு தம்பியின் சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியது. நான் பிழைத்தேன். அது பிழைக்கவில்லை. நான்காம் மாதம் மறுபடியும் டயாலிசிஸ் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் புரியவில்லை. வார்டில் என்னைப் பார்க்க வந்த பாகான் டாலாம்காரி ஒருத்தி, உங்கள் குடும்பத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கா அம்மை என்று வாய் தவறிக் கேட்டாள். மோகனா தன் மகன் தனேஷுக்கு அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றியதற்காக மாரியம்மன் கோயிலில் மாவிளக்குப் போட்டாளாம். எந்த வாரம் என்று கேட்டேன். நிச்சயம் முடிந்த மறுவாரம். மனுஷரிடம் மறைத்தவளுக்கு அம்மனிடம் மறைக்கப் பயம்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. நிச்சயத்துக்கு மூன்று நாள் முந்தி தனேஷுக்குக் கொப்புளம் வந்திருக்கிறது. வீட்டில் அம்மன் இருந்தால் வாசலில் வேப்பிலை கட்ட வேண்டும், சுபகாரியம் கூடாது, வெளியாள் வரக்கூடாது. கட்டினால் நிச்சயம் தள்ளிப்போகும், தள்ளிப்போனால் மாப்பிள்ளை வீட்டார் சகுனம் பார்ப்பார்கள். அதனால் வாசலில் கட்ட வேண்டியதைத் தலையணைக்கு அடியில் வைக்கச் சொன்னாள். அன்று விடியும்வரை பையன் படுத்திருந்தது அந்தப் பெரிய ரூமில், அந்தக் கட்டிலில். ஆட்கள் வருமுன் அவனை மாடியிலேயே பின்னால் இருக்கிற ஸ்டோர் ரூமுக்கு மாற்றச் சொல்லிவிட்டாள். அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனது இந்தோனேசியப் பணிப்பெண். மோகனா அந்த ஒரு வாரமும் மாடிப்படி ஏறவே இல்லை, ஏனென்றால் தனக்கு அம்மை போடவில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரியாமல் செய்தாள் என்று ஜெயராஜ் சொல்லும்போதெல்லாம் நான் கேட்பது இதைத்தான். தெரியாதவள் ஏன் படி ஏறவில்லை?

கேட்டதற்கு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை, தனேஷுக்கு வந்தது வேர்க்குரு, ஆஸ்பத்திரியில்தான் அண்ணிக்குத் தொற்றியிருக்கும் என்றாள். அதோடு விட்டிருந்தால்கூட நான் ஒருவேளை ஆறியிருப்பேன். கோயிலில், கல்யாணத்தில், இழவு வீட்டில், பார்க்கிறவர்களிடமெல்லாம் இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னாள். யுகேந்திரன் குடிகாரன், அந்தச் சிறுநீரகம் எத்தனை நாள் தாங்கும், கெட்டுப்போனதைத்தான் அக்காவுக்குக் கொடுத்திருக்கிறான் என்று. நரம்பில்லாத நாக்கு.

தம்பி அதை நம்பிவிட்டான். அப்படியெல்லாம் இல்லை என்று டாக்டர் சொன்னார், நான் நூறு தடவை சொன்னேன். நான் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். நல்ல சிறுநீரகமாக இருந்திருந்தால் தாங்கியிருக்கும் அக்கா என்பான். என் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று ஜொகூருக்கு வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். மறுபடியும் குடிக்கிறான். தண்ணீர்மலைப் பக்கம் வரவே இல்லை.

என் சிறுநீரகம் போனதற்கு மட்டும் நான் அவள்மேல் இவ்வளவு கறுவிக்கொண்டிருக்கவில்லை. என் தம்பியையும் சேர்த்துத் தின்றாள். அதனால்தான் ஒன்னும் இல்லை என்று சொன்னேன். மறைக்காமல் சொல்கிறேன், போனை வைக்கும்போது எனக்கு இருந்த நினைப்பு ஒன்றே ஒன்று. போகிறேன், கட்டிலில் பக்கத்தில் உட்காருகிறேன், ஐயோ மோகனா என்று கட்டிப்பிடிக்கிறேன். அக்கிமேல் ஒட்டியிருக்கிற பஞ்சையும் பிளாஸ்டரையும் ஃபெரியிலேயே பிய்த்துப் போட்டுவிட்டுப் போகிறேன்.

மறுநாள் சனிக்கிழமை, டயாலிசிஸ் இல்லாத நாள். ஜெயராஜிடம் காய் வாங்கப் பாசார் போவதாகச் சொல்லிவிட்டு எங்கள் ஆயர் ஈத்தாமில் பஸ் ஏறினேன். யார் மேலும் இடிக்காமல் கடைசியில் ஒதுங்கி நின்றே வந்தேன். ஃபெரியில் கழிவறைக்குள் போய் ரவிக்கையைத் தூக்கி பிளாஸ்டரின் ஒரு முனையைப் பிடித்தேன். பிய்க்கவில்லை. வலிக்குப் பயந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று முனையை மறுபடி ஒட்டிவிட்டு வெளியே வந்தேன்.

மோகனாவின் வீட்டு கேட் திறந்திருந்தது. உள்ளே நடந்து கதவருகே போனதும் கால் நின்றது. கிரில்லுக்கு மேலே, நிலைப்படியில், கை தடிமனுக்கு வேப்பிலைக் கொத்து. பச்சைப் பசேலென்று, அன்று காலை ஒடித்தது.

மோகனா மரக் கதவைத் திறந்து, கிரில்லுக்கு அந்தப் பக்கம் நின்றாள். தலையில் ஒரு முடி இல்லை, புருவமும் இல்லை. முகமூடி போட்டிருந்தாள். பாதியாக இளைத்துப்போயிருந்தாள். நான் வேப்பிலையையே பார்ப்பதைக் கண்டு, பயப்படாதீங்க அண்ணி என்றாள்.

"அம்மையெல்லாம் ஒன்னும் இல்ல. பாக்க வர்றேன்னு ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்க. வராதீங்கன்னா கோவிச்சுக்குவாங்க. இத கட்டுனதுலேருந்து வாசலோட திரும்பிப் போயிடறாங்க. உடம்ப பத்திரமா ஜாகா பண்ணிக்கணும்லா."

எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. அம்மை இருந்தபோது கட்டாதவள், அம்மை இல்லாதபோது கட்டியிருக்கிறாள். என் உயிருக்காக ஒரு கொத்து கட்ட மனசு வரவில்லை. தன் உயிருக்காக ஒரு கிளையையே கட்டியிருக்கிறாள்.

அவள் சாவியைப் போட்டுப் பூட்டைத் திறந்தாள். கிரில்லைத் தள்ளுமுன் மறுபடியும் கேட்டாள், காய்ச்சல், கொப்புளம், ஒன்றும் இல்லைதானே என்று. வெட்கப்பட்டுக்கொண்டு, கண்ணைத் தாழ்த்திக் கேட்டாள். நானும் அப்படித்தான் கேட்பேன்.

அந்த நேரம் என் மனசில் இரக்கம் வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். வந்தது வேறு கணக்கு. நான் உள்ளே போய்க் கட்டிப்பிடித்தால் இவளுக்கு அம்மை வரும், ஒருவேளை செத்தும் போவாள். வாயைத் திறக்காமலே போவாள். ஊரெல்லாம் பாவம் மோகனா என்று அழும், என் தம்பி மட்டும் கெட்ட சிறுநீரகத்தைக் கொடுத்தவனாகவே கிடப்பான். எனக்கு இவள் உயிர் வேண்டாம், வாய் வேண்டும்.

கிரில் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கையால் சேலையை விலக்கி, பஞ்சுக்கு வெளியே தெரிந்த சிவப்பைக் காட்டினேன்.

"அக்கி. நாலு நாளாச்சு. நேத்து போன்ல சொன்னது பொய்."

அவள் பின்னால் போய்ச் சுவரில் மோதிக்கொண்டாள். சாவி பூட்டிலேயே தொங்கியது. பூட்ட வேண்டுமானால் என் கைக்குப் பக்கத்தில் வரவேண்டும். அது அவளுக்கும் புரிந்தது.

"நான் கேட்டப்ப நீ என்ன சொன்னியோ, அதத்தான் நானும் சொன்னேன்," என்றேன். "இப்ப யுகேந்திரனுக்குப் போன் போடறேன். அன்னைக்கு நடந்ததை நீயே அவன்கிட்ட சொல்லு. இல்லன்னா இந்தக் கதவத் தள்ளிக்கிட்டு உள்ள வர்றேன்."

அண்ணி, அண்ணி என்று கையெடுத்துக் கும்பிட்டாள். காமினி ஈப்போவில் இருக்கிறாள், தனேஷும் வீட்டுக்காரரும் வெளியே போயிருக்கிறார்கள், நான் நோயாளி என்றாள். நானும் நோயாளிதான் என்றேன். போனைப் போட்டு, சத்தமாக வைத்து, கம்பிக்கு நேரே நீட்டினேன். மூன்றாவது மணியில் தம்பி எடுத்தான். மத்தியானத்திலேயே குரல் குழறியது. உன்னிடம் மோகனா பேச வேண்டுமாம் என்றேன்.

அவள் முகமூடியை இறக்கினாள். உதடெல்லாம் புண். முகமூடியை மறுபடி ஏற்றப் போனாள். நான் கிரில்லை ஓரங்குலம் தள்ளினேன்.

"தம்பி," என்றாள். "நிச்சயத்தன்னைக்கு எங்க தனேஷுக்கு அம்மை போட்டிருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அண்ணிய அவன் கட்டில்ல படுக்க வச்சேன். கீழ இருந்தா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால மயங்கி விழுந்துருவாங்களோன்னு பயம். அதனாலதான் அண்ணிக்கு வந்துச்சு. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல தம்பி. நான்தான் ஊரெல்லாம் மாத்திச் சொன்னேன்."

தம்பி போனை வைத்துவிட்டான். மோகனா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பார்த்து, இப்போது எனக்கு வந்துவிடுமா அண்ணி என்று கேட்டாள். நான் வாசலைத் தாண்டவில்லை, அவளைத் தொடவில்லை, கொப்புளம் பஞ்சுக்குள் இருக்கிறது, அதனால் வர வழியில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

"இருபத்தொரு நாள் எண்ணு, அதுக்குள்ள தெரிஞ்சிடும்," என்றேன். "என்னை எண்ணச் சொல்லக்கூட அன்னைக்கு ஆளில்ல."

சேலையைச் சரிசெய்துகொண்டு கிரில்லைச் சாத்தினேன். நிலைப்படியில் கட்டியிருந்த வேப்பிலையை அவிழ்த்து எடுத்துக்கொண்டேன். பின்னாலிருந்து அவள் ஏன் என்று கேட்டாள். இது என் வீட்டு வாசலில் இருக்க வேண்டியது, உன் வீட்டில் அம்மையே இல்லையே என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஃபெரியில் ஒரு ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து கொத்தை மடியில் வைத்துக்கொண்டேன். எதிரே இருந்த தமிழ்ப் பெண்கள் இரண்டு பேர் வேப்பிலையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், ஒன்றும் பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தார்கள். கோபமே வரவில்லை. வேப்பிலைக்கு வேலையே அதுதான், ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை.

பாதிக் கடலில் போன் அடித்தது. யுகேந்திரன். எடுத்ததும் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அழுது முடித்திருந்தான் போல.

"அப்ப என் கிட்னி நல்லாத்தான் இருந்துச்சாக்கா?"

"நல்லாத்தான்டா இருந்துச்சு," என்றேன். "நல்லா இருந்ததாலதான்டா அவ்வளவு நாள் தாங்குச்சு."

தைப்பூசத்துக்கு வரட்டுமா என்று கேட்டான். வா என்றேன். போனை வைத்த பிறகும் கரை வரும்வரை அழுதுகொண்டிருந்தேன். விலா எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வாசலில் வேப்பிலையைக் கட்டினேன். இன்றோடு பதினோரு நாள். மோகனா ஜெயராஜுக்குத் தினமும் போன் செய்து, வந்துவிடுமா, வந்துவிடுமா என்று என்னிடம் கேட்கச் சொல்கிறாளாம். இன்னும் பத்து நாள் இருக்கிறது. எண்ணட்டும்.